பட்டன் அக்காவும் திருப்தி அட்டைகளும்

இப்போதெல்லாம் எங்கே போனாலும் கேட்கிறார்கள். போன வாரம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருக்கிறேன், கைபேசி சிணுங்குகிறது. எங்கள் சேவை எப்படி இருந்தது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேள்வி. பிடுங்கின பல்லுக்கு நட்சத்திரம் ஒரு கேடா என்று வாய் வரை வந்தது, பஞ்சு இருந்ததால் தப்பித்தார்கள். என் மனைவி என்னைப் போல இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் முழு நட்சத்திரத்தையும் அள்ளிக் கொடுத்துவிட்டு, "பாவம், அந்தப் பிள்ளைங்க பொழைச்சுப் போகட்டும்" என்பாள். அவள் கட்டைவிரலால் நட்சத்திரங்களைத் தட்டும்போதெல்லாம் எனக்குப் பட்டன் அக்காவின் ஞாபகம் வந்துவிடுகிறது. வந்தால் லேசில் போவதில்லை.

நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில், கழிப்பறைக்கு அடுத்தாற்போல எங்கள் அறை. கதவில் 'மக்கள் கருத்துப் பிரிவு' என்று பலகை தொங்கும். மக்கள் யாரும் அங்கே வந்து நான் பார்த்ததில்லை. அவர்களுடைய கருத்து மட்டும் சாக்குப் பையில் வரும். குடிநீர், வரி, பிறப்புச் சான்று என்று எந்தக் கவுண்டருக்கு வந்தாலும் ஆளுக்கு ஒரு அட்டை கொடுப்பார்கள். அதில் வரிசையாக ஐந்து முகங்கள், வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடியும். ஏதாவது ஒன்றின் கீழ் டிக் போட வேண்டும். எழுத ஆசைப்பட்டால் அடியில் இரண்டு வரிக்கு இடம் உண்டு. காலாண்டுக்கு ஒரு முறை எல்லாக் கிளைகளிலிருந்தும் அட்டைகள் எங்கள் தலையில் வந்து இறங்கும்.

அக்கா வருவதற்கு முன்னால் அதை நாங்கள் எண்ணிய லட்சணத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் அட்டையை எடுத்து, "சிரிப்பு, சிரிப்பு, உம்மணாமூஞ்சி, அழுகை" என்று ஏலம் விடுகிற மாதிரி கத்துவார். இன்னொருவர் கோடு போடுவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கத்துகிறவர் தூங்கிவிடுவார், கோடு போடுகிறவர் அது தெரியாமல் போட்டுக்கொண்டே இருப்பார். அறிக்கை மேலே போவதற்குள் அடுத்த சாக்கு வந்து நிற்கும். அந்த அறிக்கையை யாரும் படித்ததில்லை, அதனால் யாருக்கும் கெடுதலும் இல்லை. என்ன நிம்மதியான காலம் அது!

வரிப் பிரிவில் மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றதற்குத் தண்டனையாக அக்காவை எங்கள் அறைக்கு மாற்றினார்கள். ஒல்லியான உருவம், மூக்கின் நுனியில் கண்ணாடி, வெயிலோ மழையோ கையில் குடை. என்னைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் வந்த வாரத்திலேயே நானும் 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன், அவர் என்னை 'அண்ணே' என்பார். இரண்டு பேருக்கும் அது வினோதமாகத் தோன்றவில்லை.

அவருடைய அப்பா நகராட்சித் தண்ணீர் லாரி ஓட்டியவர். வேலையில் இருக்கும்போதே போய்விட்டார். அம்மா அதற்கும் முன்பே இல்லை. அப்பாவின் வேலைக்குப் பதிலாகக் கிடைத்த வேலையில் படிப்பை விட்டுவிட்டு வந்து சேர்ந்தபோது, வீட்டில் பள்ளிக்கூடம் போகிற ஒரு தங்கை இருந்தாள். அந்தச் சின்னவளுக்குத் தலை பின்னிவிட்டு, சாப்பாடு கட்டிக் கொடுத்து, அலுவலகம் வந்து, மாலையில் அவளையும் இழுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவாராம். அக்கா எக்செல் படிக்க, சின்னவள் பக்கத்து நாற்காலியில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருப்பாளாம்.

எங்கள் அறையிலும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குப் பூப்போட்ட துணி உறை போட்டு, மேலே காலண்டரைச் சாய்த்து வைத்திருந்தோம். அக்கா வந்த மறுநாளே உறையை உருவித் தூசி தட்டிவிட்டார். பிறகு வாரக்கணக்கில் யாரோடும் பேசாமல் எதையோ எழுதினார், அழித்தார், தன்னைத்தானே திட்டிக்கொண்டார். மேக்ரோ எழுதுகிறேன் என்றார். நாம் ஒரு தடவை செய்து காட்டுகிற வேலையை மிஷின் தானாகவே திரும்பத் திரும்பச் செய்ய எழுதிவைப்பதற்கு அப்படிப் பெயராம். கடைசியில் ஷீட்டின் மூலையில் பச்சையாக ஒரு பட்டன் வைத்து, அதன் மேல் 'ஓடு' என்று எழுதினார். அட்டைகளை நாங்கள் கையால்தான் பதிய வேண்டும். அதன் பிறகு பட்டனை அமுக்கினால் எண்ணுவது, சராசரி போடுவது, கிளைகளை வரிசைப்படுத்துவது, படம் வரைவது எல்லாம் தானாக நடந்தன. முதல் தடவை அமுக்கியபோது நாங்கள் எல்லோரும் பின்னால் கூட்டமாக நின்றோம். எங்கள் பிரிவின் மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இன்னொரு வாட்டி ஓட விடும்மா" என்றார், பாட்டுக் காட்சியைத் திரும்பப் போடச் சொல்கிற மாதிரி. அன்றிலிருந்து அவர் பட்டன் அக்கா.

அடுத்ததாக மக்கள் எழுதுகிற இரண்டு வரியையும் மிஷினையே படிக்க வைக்கிறேன் என்று இறங்கினார். நல்ல வார்த்தைகளுக்கு ஒரு பட்டியல், திட்டு வார்த்தைகளுக்கு ஒரு பட்டியல். பட்டனை அமுக்கினால், பாராட்டில் முதலிடம் குப்பை அள்ளுகிற பிரிவுக்கு! தெருமுனைக்குத் தெருமுனை குப்பை மலையாகக் குவிந்திருந்த சமயம் அது. அட்டைகளை எடுத்துப் பார்த்தோம். 'பத்து நாளாகக் குப்பை எடுக்க ஆள் வரவில்லை. நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. நன்றி.' அடுத்ததும் அப்படியே, அதற்கு அடுத்ததும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் படித்த பழக்கம், எவ்வளவு திட்டினாலும் கடைசியில் நன்றி போடாமல் நம் ஆட்களுக்குக் கை நிற்பதில்லை. அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"நம்ம ஜனங்க தூக்குல போடறவனுக்கும் நன்றி சொல்லிட்டுத்தான் அண்ணே தொங்குவாங்க" என்றார். அந்த வார்த்தையைப் பட்டியலிலிருந்து எடுத்ததும் குப்பைப் பிரிவு அதற்குரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சிரிப்பெல்லாம் இந்த மாதிரி விஷயங்களில்தான். எண்களில் கை வைக்கச் சொன்னால் ஆளே மாறிவிடுவார். குடிநீர்ப் பிரிவு பொறியாளர் ஒரு முறை பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து, அக்காவின் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, குடும்ப நலமெல்லாம் விசாரித்துவிட்டு, "நம்ம பிரிவைக் கொஞ்சம் மேல தள்ளி விடும்மா" என்றார்.

"நான் தள்ளுவேன் சார். ஆனா அந்தப் பெட்டிக்கு நீங்க யாருன்னு தெரியாதே" என்றார் அக்கா. பொறியாளர் பிஸ்கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் வருத்தம், நல்ல பிஸ்கட்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் அறை களைகட்டும். சின்னவள் வளர்ந்து, பரீட்சை எழுதி, இதே நகராட்சியின் ஆற்றங்கரைக் கிளையில் கவுண்டர் வேலைக்கு வந்திருந்தாள். வாரக் கடைசியில் கிளைத் தபாலை எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகம் வருவாள். அக்காவுக்கு நேர்மாறு, வாய் ஓயாது. படிக்கட்டில் ஏறும்போதே சத்தம் கேட்கும். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். பேச்சு மும்முரத்தில் இருக்கும் சின்னவளின் பக்கம் அக்கா தன் பங்கையும் தள்ளிவிடுவார், அவள் கவனிக்காமல் சாப்பிட்டுவிடுவாள். நான் ஒரு நாள் அதைச் சின்னவளிடம் காட்டிக் கொடுத்தேன். "அவ சாப்பிடட்டும் அண்ணே, வாயாவது கொஞ்ச நேரம் ஓயும்" என்றார் அக்கா. அந்த அறையில் நான் கழித்த வருஷங்களில் எது திரும்ப வேண்டும் என்று கேட்டால், அந்த வெள்ளிக்கிழமை மதியங்களைத்தான் கேட்பேன்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேலிருந்து ஆணை வந்தது. சிக்கன நடவடிக்கையாக ஒரு கிளையை மூடி, ஆட்களைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றப் போகிறார்கள். எந்தக் கிளை என்பதை மக்கள் திருப்தி அறிக்கையே சொல்லும், தொடர்ந்து கடைசியில் வருகிற கிளைக்குப் பூட்டு. இத்தனை காலம் யாரும் புரட்டிக்கூடப் பார்க்காத அறிக்கைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். தொடர்ந்து கடைசியில் வந்துகொண்டிருந்தது ஆற்றங்கரைக் கிளை.

சின்னவளுக்கு அது வெறும் வேலை மாற்றம் இல்லை. அவள் மகளுக்கு வலிப்பு வரும். கிளைக்கு எதிரே தெருவைத் தாண்டினால் குழந்தையின் பள்ளிக்கூடம். கவுண்டர் ஜன்னலிலிருந்து பள்ளிக்கூட வாசல் தெரியும். டீச்சர் வாசலில் நின்று கையைக் காட்டினால் போதும், சின்னவள் செருப்புகூடப் போடாமல் ஓடிவிடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் சத்தமில்லாமல் படியேறி வந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை.

"இந்த வாட்டியும் நாங்கதான் கடைசியா அக்கா?"

"ஆமா."

"ரொம்ப வித்தியாசமா?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்தான்னா, நீ மனசு வெச்சா..."

"முடியாது."

வாக்கியம் முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. சின்னவள் அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"கேக்காத."

"பாப்பாவுக்குப் போன மாசம்கூட வந்துச்சு. இங்க மாத்திட்டாங்கன்னா, பஸ் மாறி பஸ் ஏறி நான் எப்பப் போய்ச் சேர்றது? அதுவரைக்கும் புள்ளைய யாரு பிடிச்சுக்குவா?"

"தெரியும்டி. எல்லாம் தெரியும்."

"தெரிஞ்சுமா அக்கா?"

"உனக்காக ஒண்ண மாத்தினா, அதுல இருக்கற மத்ததெல்லாம் எதுக்கு?"

சின்னவள் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "என்ன பொம்பள நீங்க? ஒரே ஒரு கட்டத்துல ஒரே ஒரு எண். எவன் குடி முழுகிடும்?" என்று கத்தினேன். அக்கா அட்டைகளைப் பதிந்துகொண்டே இருந்தார். ஒரே அட்டையைத் திரும்பத் திரும்பப் பதிந்துகொண்டிருந்ததை நான்தான் கவனித்து வாங்கி வைத்தேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைத் தபாலை வேறு யாரோ கொண்டுவந்தார்கள். அந்த நேரத்துக்கு அக்கா ஜன்னலருகே போய் நின்று பஸ் நிறுத்தத்தைப் பார்ப்பார். பஸ் வந்து காலியான பிறகு திரும்பி வந்து உட்காருவார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. ஏதாவது ஃபைலைத் தேடுகிற சாக்கில் வெளியே போய்விடுவேன்.

அந்த நாட்களில் என் மருமகனுக்குப் பிறப்புச் சான்று ஒன்று வாங்க வேண்டியிருந்தது. கீழ்த்தளக் கவுண்டர் வரிசையில் நானும் போய் நின்றேன். என் முறை வந்தது. அங்கே இருந்தவர் பழகினவர்தான். முத்திரையை மையில் ஒற்றி எடுத்தார். காகிதத்தின் மேல் வைக்கவில்லை. அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அட்டையை என் பக்கம் தள்ளினார்.

"அண்ணே, இதுல முதல்ல ஒரு டிக் போட்டுடுங்க."

நான் அட்டையைப் பார்த்தேன். அந்தரத்தில் நின்ற முத்திரையைப் பார்த்தேன். வாயெல்லாம் பல்லாக இருந்த முகத்தின் கீழ் டிக் போட்டேன். முத்திரை தொப்பென்று இறங்கியது. இதே கட்டடத்தில் தலை நரைத்தவன் நான், எனக்கே அந்த மரியாதை என்றால் ஊர் ஜனங்கள் எம்மாத்திரம்!

மேலே வந்து, அக்காவைச் சிரிக்க வைக்கலாம் என்று நடித்துக் காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை. தட்டச்சு செய்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"முத்திரை போடறதுக்கு முன்னாடியா கொடுத்தாரு?"

"பின்ன? போட்ட அப்புறம் கேட்டா எவன் நிப்பான்?"

அக்கா தொலைபேசியை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளையாகக் கூப்பிட்டார். எல்லா இடத்திலும் அதே கதை. வந்த அத்தனை பேரிடமும் அட்டை வாங்கியாக வேண்டும் என்று எங்கள் பிரிவே ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. காகிதம் கைக்கு வந்துவிட்டால் ஜனங்கள் பறந்துவிடுவார்கள் என்பதால், முத்திரைக்கு முன்னால் வாங்கிவிடுகிற வழியைக் கவுண்டர்காரர்கள் கண்டுபிடித்துக்கொண்டார்கள். யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. வேலையைச் சுத்தமாக முடிக்கிறோம் என்ற பெருமைதான். கடைசியாக ஆற்றங்கரையைக் கூப்பிட்டார். சின்னவள்தான் எடுத்தாள் என்பது அக்காவின் முகத்திலேயே தெரிந்தது. நான் கூச்சமில்லாமல் காதைக் கொண்டுபோய் ரிசீவருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"கருத்துப் பிரிவிலேர்ந்து பேசறேன். அட்டைய எப்பக் கொடுக்கறீங்க?"

"வேலையெல்லாம் முடிஞ்ச அப்புறம். பேப்பரக் கையில கொடுத்துட்டுத்தான்."

"எல்லாரும் எழுதறாங்களா?"

"பாதிப் பேரு ஓடிடுவாங்க. திட்டணும்னு இருக்கறவங்க நின்னு நிதானமா எழுதுவாங்க. பேனா இல்லன்னா நானே கொடுப்பேன்."

அக்கா ரிசீவரை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கிளை, கவுண்டர், தேதின்னு எல்லாத்துக்கும் கட்டம் வெச்சேன் அண்ணே. பயந்துக்கிட்டு போட்ட டிக்கா, பயமில்லாம போட்டதான்னு கேக்கறதுக்கு ஒரு கட்டம் வெக்கலையே" என்றார்.

ஆணையரின் அறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் நிர்வாக அதிகாரியும் இருந்தார். கிளையை மூடுகிற யோசனையே அவருடையதுதான். அக்கா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, நாங்கள் பயந்ததையே அவர் கேட்டார்.

"ஆத்தங்கரையில இருக்கறது உங்க தங்கச்சிதானே?"

"ஆமா சார், கூடப் பொறந்தவ. அதனால நான் சொல்றத நீங்க நம்ப வேண்டாம்" என்றார் அக்கா. "ஒரு காலாண்டுக்கு எல்லாக் கிளையிலயும் பேப்பரக் கொடுத்த பிறகு அட்டை கொடுக்கச் சொல்லுங்க. பதியற வேலைய வேற பிரிவு செய்யட்டும். நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். பட்டன இவர் அமுக்கட்டும்."

ஆணையர் கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கிற ஆள். மூடியபடியே, "அப்பவும் ஆத்தங்கரை கடைசியா வந்தா?" என்று கேட்டார்.

"மூடிடுங்க சார்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படிக்கட்டில் இறங்கும்போது, "அந்த வார்த்தைய எதுக்குச் சொன்னீங்க? வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று சண்டை பிடித்தேன். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு மெல்லப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்தக் காலாண்டு ஒரு வழியாக முடிந்தது. கூட்ட அறையில் கிளைப் பொறுப்பாளர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, திரையில் அந்தப் பச்சை பட்டன் பெரிதாகத் தெரிந்தது. அக்கா உள்ளே வரவில்லை, நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டுவிட்டு அமுக்கினேன்.

ஆற்றங்கரை முதலிடம் வந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வரவில்லை. அது போன முறை இருந்த மதிப்பெண்ணிலேயே ஏறக்குறைய அசையாமல் நின்றது. மற்றவர்கள்தான் சறுக்கியிருந்தார்கள். சிலர் அதற்குச் சற்று மேலே நின்றார்கள், பலர் அதையும் தாண்டிக் கீழே போயிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது தலைமை அலுவலகம்.

"ஷீட்ல ஏதோ கோளாறு" என்றார் நிர்வாக அதிகாரி.

ஆணையர் கண்ணைத் திறந்தார். "போன காலாண்டு வரைக்கும் அந்தக் கோளாறு உங்க கண்ணுல படலையா?"

கிளையை மூடுகிற ஆணை அன்றைக்கே திரும்பப் பெறப்பட்டது. நான் நடைக்கு ஓடிவந்து சொன்னேன். அக்கா "சரி அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, முகம் கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சின்னவள் வந்தாள். நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும், மரியாதை தெரிந்தவன் போயிருப்பான். நான் ஒரு ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"கடைசியா வந்தா மூடிடுங்கன்னு சொன்னியாமே" என்றாள் நின்றபடியே.

"சொன்னேன்."

"அதுகூடப் பரவாயில்ல அக்கா. அது உன் வேலை. நீ அப்படித்தான் சொல்லுவ." அவள் டப்பாவை மேஜையில் வைத்தாள். "ஆனா அன்னைக்கு நான் வந்து கேட்டேன் பாரு. ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம் இல்ல? பாப்பாவ நெனச்சு ஒரே ஒரு நிமிஷம். யோசிச்சுட்டு முடியாதுன்னு சொல்லியிருந்தா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள முடியாதுன்னுட்டியே."

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டரை இன்னும் போடவே இல்லை. பிறகு திரும்பித் தங்கையைப் பார்த்தார்.

"யோசிச்சிருந்தா செஞ்சிருப்பேன்டி."

சின்னவள் நாற்காலியை அக்காவின் பக்கமாக இழுத்துப் போட்டு, அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.